குட்டைக் கம்பி போட்ட இரண்டு பேர்

மோகனாவுக்கு நாற்பத்தொரு வயது. எல்லா இடத்திலும் அது நாற்பத்தொன்றாகவே இருந்திருந்தால் அவள் பாடு கொஞ்சம் சுலபமாகியிருக்கும். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஷூ கம்பெனிகளின் வாசலில் ‘தையலுக்குப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 30 வரை’ என்று போர்டு தொங்கும். அங்கே அவள் கிழவி. எலும்பு டாக்டரின் அறைக்குள் நுழைந்தால் குழந்தை. “இந்த வயசுல இடுப்ப மாத்தறதா? ரொம்பச் சின்ன வயசும்மா” என்று முதலில் பார்த்த டாக்டர் சொன்னபோது, தன்னை ஒருவர் சின்ன வயசு என்று சொன்ன சந்தோஷத்தில் மோகனா ஒரு நிமிஷம் வலியை மறந்துவிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்தபோது ஞாபகம் வந்தது.

அவள் மாதனூர்ப் பக்கத்துப் பெண். ஊர் பாலாற்றங்கரையில் இருந்தது. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடி அவள் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. பிளஸ் டூ முடித்த வருஷமே கம்பெனி பஸ் ஊருக்குள் வர ஆரம்பித்தது. மேலே படிக்க வைப்பதா, பஸ்ஸில் ஏற்றிவிடுவதா என்று அப்பா அதிகம் யோசிக்கவில்லை. பஸ் வாசலுக்கே வந்துவிட்டது, காலேஜ் வரவில்லை. பத்தொன்பது வயதில் ஏறியவள் இருபது வருஷத்துக்கு மேலாக ‘அப்பர்’ தைத்தாள். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். வளைவில் தையல் பிசகாமல் திருப்புவதில் ஏழாவது லைனில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று.

இடையில் கல்யாணம் ஆயிற்று. நவநீதன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். நல்லவன், குடிப்பதில்லை. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பது. இஞ்சின் சத்தத்திலிருந்து ஈரல் வீக்கம்வரை எதைப் பற்றிக் கேட்டாலும் போனில் ஒரு வீடியோ வைத்திருப்பான். எழிலரசி என்று ஒரு மகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது நவநீதனின் கருத்து.

மோகனாவின் முப்பத்துநாலாவது வயதில் மூச்சிரைப்பு வந்தது. ஒட்டுகிற பசையின் வாடையாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். நவநீதனின் போன் வேறு சொன்னது. குடியாத்தம் ரோட்டில் ஒரு பொடி டாக்டர் இருந்தார். படித்தது என்னவென்று போர்டில் இல்லை. எத்தனை தலைமுறை என்று மட்டும் இருந்தது. சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்தார், எல்லாம் மூலிகை என்றார். மூன்றே நாளில் மூச்சு சீராயிற்று. மூன்றே மாதத்தில் கன்னம் உப்பி முகம் முழு நிலா மாதிரி ஆயிற்று. “நவநீதன் நல்லா வெச்சிருக்கான்” என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். அவன் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டான். இரண்டு வருஷம் அந்தப் பொடியைத் தின்றாள். அதில் கலந்திருந்தது ஸ்டீராய்டு என்பது இடுப்பெலும்பு செத்த பிறகுதான் தெரிந்தது.

வலி முதலில் வலது தொடை இடுக்கில் ஒரு சுருக்காகத்தான் வந்தது. நேரம் பார்த்து வந்த வலி. அந்த வருஷம்தான் கம்பெனியில் ஸ்டூல்களை எடுத்தார்கள். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் நான்கு நாள் லைனைச் சுற்றிப் பார்த்து, உட்கார்ந்து தைப்பதால் ஜோடிக்குப் பதினொரு விநாடி வீணாகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ரிப்போர்ட்டை உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார். மறுவாரமே மெஷின்களை உயர்த்தினார்கள், பெண்கள் நின்றுகொண்டு தைத்தார்கள், ஸ்டூல்கள் குடோனுக்குப் போயின. போகும்போது ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பியவர் வாஹித் பாஷா.

வாஹித் பாஷாவுக்கு அப்போது அறுபத்தாறு. கம்பெனியின் முதல் லைன் ஓடிய நாளிலிருந்து இருப்பவர். ரிட்டயர் ஆக வேண்டிய வயதைத் தாண்டியும் முதலாளி விடவில்லை என்று அவர் சொல்வார். அவர்தான் முதலாளியை விடவில்லை என்று லைனில் சொல்வார்கள். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நாள் முழுக்க லைனுக்கு லைன் நடை. ஒருநாள் மோகனா அவரிடம் கேட்டாள்.

“சார், இடுப்பு ரொம்ப வலிக்குது. எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் குடுங்க சார். டார்கெட் கொறையாம பாத்துக்கறேன்.”

“உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் வலிக்கும்மா.”

“எனக்கு நெஜமாவே வலிக்குது சார்.”

“வலிக்கட்டும், நான் இல்லன்னு சொல்லல. ஸ்டூலுக்கு சிஸ்டத்துல எடம் இல்ல.”

சிஸ்டம் என்பதை அவர் மேலே எங்கேயோ கைகாட்டிச் சொன்னார். மோகனா அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அவர் ஒருவழியாக ரிட்டயர் ஆனார். மோகனா நொண்ட ஆரம்பித்தாள். அவள் நொண்டுவதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. வாயு என்றார்கள், கண் பட்டது என்றார்கள், வடக்கே தலைவைத்துப் படுத்திருப்பாள் என்றார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர் ஒருவர் அவள் காலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். அன்று அவள் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோய், “இது என் கேஸ் இல்ல” என்று உண்மையைச் சொன்னார். வைத்தியம் என்ற பெயரில் அவளிடம் முதன்முதலாக உண்மை பேசியவர் அவர்தான்.

கடைசியில் எழிலரசிதான் வேலூருக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைத்தாள். தொடை எலும்பின் தலையில் இருக்கும் உருண்டைக்கு ரத்த ஓட்டம் நின்று, அது செத்து நொறுங்கிக்கொண்டிருந்தது. பொடியின் வேலை என்றார்கள். அப்போதுதான் அந்த முதல் டாக்டர் வயசு குறைவு என்றார். செயற்கை மூட்டு தேய்ந்துபோகும், மறுபடி மாற்றுவது கஷ்டம், அறுபது வயதுவரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது. மோகனா மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம். கம்பெனி பஸ்ஸின் முதல் படியில் ஏறவே இப்போது இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் குடியாத்தம் ரோட்டுக்குப் போனாள். பொடி டாக்டரைப் பார்க்கப் போகவில்லை. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் படத்தைக் காட்டி, தனக்கு என்ன ஆயிற்று என்று சொன்னாள். பத்துப் பேரில் மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒரு பெரியம்மா மட்டும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தார்.

“மூச்சிரைப்பு நின்னுதா இல்லியா?”

“நின்னுது.”

“அப்புறம் இன்னா? எனக்கு மூச்சுக்குத்தான் மருந்து வோணும். இடுப்புக்கா கேட்டேன்?”

மோகனா படத்தை வாங்கி உறைக்குள் போட்டாள். டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

இன்னும் சில மாதம் வலியோடு போனது. பிறகு வேலூரிலேயே வேறோர் எலும்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெலனைப் பார்த்தார்கள். நாற்பது வயதுகூட ஆகாத, குள்ளமான பெண். எலும்பை அறுப்பதற்குத் தோள் பலம் வேண்டாமா என்ற கவலை நவநீதனின் முகத்தில் எழுதியிருந்தது. அவர் மேஜையிலிருந்து இரண்டு உலோகக் கம்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று சாண் நீளம். இன்னொன்று அதில் பாதிகூட இல்லை, கொஞ்சம் வளைந்து, கட்டைவிரல் தடிமனில் இருந்தது.

“செத்துப்போன உருண்டைய எடுத்துட்டுப் பீங்கான் உருண்டை வெப்போம். அத தாங்கறதுக்குத் தொடை எலும்புக்குள்ள ஒரு கம்பி எறக்கணும். பழைய மாதிரின்னா இந்த நீளம். உங்களுக்கு இந்தக் குட்டை வெக்கலாம்னு பாக்கறேன். சிமெண்ட் கெடையாது. மேல சொரசொரன்னு இருக்கு பாருங்க, இதுக்குள்ள உங்க எலும்பே வளந்து புடிச்சிக்கும்.”

நவநீதன் நீளமானதை எடுத்துக் கையில் கனம் பார்த்தான். “டாக்டர், நான் வண்டி ஓட்றவன். பெருசு இருக்கும்போது எதுக்குக் குட்டை? பெருசுதான ஸ்ட்ராங்கு?”

“அவங்களுக்கு நாப்பத்தொண்ணு. இது இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஓடலாம். அப்புறம் ஒருவேள மாத்தணும்னா கீழ எலும்பு மிச்சம் இருக்கணும் இல்லியா? நீளத்த எறக்கிட்டா அந்த எலும்பையும் இப்பவே செலவு பண்ணிடறோம்.”

நவநீதன் இதற்கும் ஒரு வீடியோ தேடினான். மோகனா குட்டைக் கம்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“கட்டிங்ல தோல் வெட்டற மாதிரி” என்றாள். “நடுவுல கை வெச்சா மிச்சம் எதுக்கும் ஆவாது. ஓரத்துலருந்து வெட்டினாத்தான் அடுத்த பீஸுக்கு எடம் இருக்கும். அப்டித்தான டாக்டர்?”

டாக்டர் ஹெலன் அவளை ஒரு கணம் பார்த்தார். “பத்து வருஷமா எல்லாருக்கும் வெளக்கிட்டு இருக்கேன். இவ்ளோ சுருக்கா எனக்கு வரல” என்றார். பிறகு முகம் மாறிச் சொன்னார். “ஆனா ஒண்ணு. அந்தப் பொடி உருண்டைய மட்டும் கெடுக்கல. மொத்த எலும்பையும் கொஞ்சம் மெலிசாக்கிடுச்சு. உள்ள பாத்துட்டுத்தான் முடிவு. குட்டை கெட்டியா நிக்கலன்னா நீளம்தான். நிக்காதத வெச்சிட்டு நான் வெளிய வரமாட்டேன்.”

கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்து, முந்தின நாள் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. பையில் இரண்டு பேனா. கையில் ஊன்றுகோல். பக்கத்தில் அவர் மனைவி மஹ்பூபி, ஃபைலைப் பிடித்துக்கொண்டு.

“நீ ஏழாவது லைன் மோகனாதான?”

“ஆமா சார்.”

“இங்க இன்னா பண்ற?”

“நாளைக்கு இடுப்பு மாத்தறாங்க சார்.”

“எனக்குத்தான நாளைக்கு மாத்தறாங்க” என்றார் வாஹித் பாஷா, தன் இடுப்பைத் தவறுதலாக அவளுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பது போல.

இரண்டு பேரையும் ஒரே நாள் பட்டியலில்தான் போட்டிருந்தார்கள். அவருக்கு எழுபத்தொன்று. மூட்டுத் தேய்மானம், வயதுக்கு வருகிற வழக்கமான வலி. அவருடைய மகன் துபாயிலிருந்து விசாரித்துச் சொன்னதில் வயதானவர்களுக்குச் சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள் என்று தெரிந்திருந்தது. அதைவிட வாஹித் பாஷாவை நோகடித்த விஷயம் கடந்த பத்து வருஷத்தில் நடக்கவில்லை. மோகனாவுக்குக் குட்டைக் கம்பி, சிமெண்ட் இல்லாமல் என்று கேள்விப்பட்டதும் முகம் சிறுத்துப்போயிற்று.

டாக்டர் ஹெலன் அந்தப் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, சிமெண்ட் வெச்சிப் பூசறதுக்கு நான் இன்னா கக்கூஸ் செவுரா? இந்தப் பொண்ணுக்கு வெக்கறது எனக்கு ஏன் வெக்கக் கூடாது?”

“வெக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா பாய்? நான் வயச பாத்து வெக்கறதில்ல, எலும்ப பாத்து வெக்கறேன். வயசானவங்களுக்கு எலும்பு பூஞ்சையா இருந்தா கம்பி உள்ள எறங்கிடும், இல்ல எலும்பு விரிசல் விட்டுடும். அதனாலதான் பயப்படறது. உங்க எலும்பு படத்துல கெட்டியா இருக்கு. நாப்பது வருஷம் லைன் லைனா நடந்திருக்கீங்களே.”

“அப்ப குட்டையா?”

“குட்டைதான். உங்க எலும்ப நெனச்சா எனக்குப் பயம் இல்ல. மோகனா எலும்ப நெனச்சாத்தான் பயம்.”

வாஹித் பாஷா நிமிர்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஆண்கள் வார்டு முழுக்க, ரத்தம் எடுக்கும் பையன் முதல் சாப்பாடு கொண்டுவரும் ஆள்வரை, அவருடைய எலும்பு நாற்பது வயது எலும்பு என்று தெரிந்துவிட்டது. ஏழாவது லைனில் வேலைபார்த்த பெண்ணின் எலும்புதான் கிழட்டு எலும்பு என்பதும் கூடவே தெரிந்தது. மோகனா காதில் அது விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. உட்கார இடம் கேட்டவளுக்கு எலும்பு மெலிந்துவிட்டது, கொடுக்காதவருக்குக் கெட்டியாகிவிட்டது. பொடி தின்றது அவள் குற்றம், ஸ்டூலுக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லை என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தியாகத் தெரிந்தது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். அவள் விழித்திருந்தாள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. சுத்தியலால் தட்டுகிற சத்தம். கம்பெனியில் தோலை அச்சில் ஏற்றும் செக்‌ஷனில் கேட்கிற அதே சத்தம். தன் உடம்புக்குள்ளிருந்து வருவதுதான் வித்தியாசம். தட்டு நின்றது. யாரும் பேசவில்லை. மறுபடி ஒரு தட்டு. மறுபடி அமைதி. நீளமானதைக் கொண்டுவரச் சொல்லப் போகிறார்கள் என்று அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்ட எதுவும் கேட்டபடி கிடைத்ததில்லை. இதுவும் கிடைக்காது என்று தயாரானாள்.

“புடிச்சிக்கிச்சு” என்றது டாக்டர் ஹெலனின் குரல். “கெட்டியா நிக்குது. மோகனா, கேக்குதா? குட்டைதான்.”

கேட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. மயக்க டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டு ஊசியைத் தேடினார்.

மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் பொறுப்பாளர் ஆல்வின், அதிகம் பேசாத ஆள். பேசுவதற்கு அங்கே இன்னொருவர் இருந்தார். வாஹித் பாஷா வாக்கரோடு கூடத்துக்குள் வந்த இரண்டாவது நாளே அது அவருடைய லைன் ஆகிவிட்டது. முட்டி மாற்றியவர்கள், தோள் உடைந்தவர்கள் எல்லோருடைய கணக்கும் அவர் நாக்கில் இருந்தது. “மோகனா, நேத்து நாப்பது ஸ்டெப்பு. இன்னைக்கு முப்பத்தஞ்சுல நிக்கற. இன்னா பிரச்சன?”

“மூச்சு வாங்குது சார்.”

“நான் அறுவது முடிச்சிட்டேன். எழுவத்தொரு வயசு.”

“உங்க எலும்பு நாப்பது வயசுதான சார்.”

ஆல்வின் திரும்பி நின்றுகொண்டு சிரித்தான். வாஹித் பாஷா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பேருக்கும் ஒரே காகிதம் கொடுத்தார்கள். குத்தவைக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, ஆறு வாரம் வாக்கரை விடக் கூடாது. வயதானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. வாஹித் பாஷா அந்த வரி தனக்கு இல்லை என்று முடிவுசெய்தார். மோகனா காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள். நவநீதன் எழிலரசியின் மேற்பார்வையில் உயரமான கழிப்பறை நாற்காலி ஒன்றைச் செய்துகொண்டுவந்தான். அதைப் பற்றி வீடியோ பார்க்காமல் செய்ததால் அது நன்றாகவே அமைந்தது.

ஆறாவது வாரப் பரிசோதனைக்கு மோகனா போனபோது வாஹித் பாஷா ஏற்கெனவே உள்ளே இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. மஹ்பூபியின் குரல்தான் கேட்டது. “மூணாவது வாரம் சொந்தத்துல கல்யாணம் டாக்டர். பெரிய தட்டு வெச்சி சஹன்ல எல்லாரும் சுத்தி கீழ உக்காந்து துண்றாங்க, நான் மட்டும் ஒசரமா சேர்ல உக்காந்தா மரியாதயான்னாரு. வாக்கர வாசல்ல செருப்போட விட்டுட்டாரு. எழுந்திருக்கும்போது நாலு பேரு தூக்கினாங்க.”

டாக்டர் ஹெலன் திரையில் எதையோ அளந்துகொண்டிருந்தார். “மூணு மில்லிமீட்டர் எறங்கிருக்கு பாய். அதான் தொடை வலிக்குது.”

“மறுபடி அறுக்கணுமா?” என்றார் வாஹித் பாஷா. அந்தக் குரலை மோகனா அதுவரை கேட்டதில்லை.

“இப்ப வேணாம். ஆரம்பத்துல கொஞ்சம் எறங்கி அங்கியே நின்னுடறதும் உண்டு. இன்னும் ஆறு வாரம் வாக்கர். தரைய மறந்துடுங்க. திரும்பப் படம் எடுப்போம். அதுக்கு மேல எறங்கலன்னா பயமில்ல.”

வெளியே வந்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை. அன்று கூட்டம். மோகனா தான் உட்கார்ந்திருந்த உயரமான நாற்காலியிலிருந்து வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

“உக்காருங்க சார்.”

“நீ உக்காரு. உனக்கும் ஆபரேஷன்தான.”

“உக்காருங்க. இந்த சிஸ்டத்துல எடம் இருக்கு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புரிந்தது என்பது காதுமடல் சிவந்ததில் தெரிந்தது. உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். மஹ்பூபி தண்ணீர் வாங்கப் போனதும் மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு எறங்கலியா?”

“இப்பத்தான் சார் படம் எடுக்கணும்.”

அரைமணி கழித்து அவள் வெளியே வந்தபோது அவர் போகாமல் அங்கேயே இருந்தார்.

“எறங்கலியாம் சார்.”

“ஒரு மில்லிகூடவா?”

“ஒரு மில்லிகூட இல்ல.”

“அந்த எலும்புலியா?” என்றவர், தலையை ஆட்டிக்கொண்டார். “பரவால்ல. தைக்கறப்பவும் நீ அப்டித்தான். அளவு பிசகாது.” இருபது வருஷத்தில் இதுதான் அவள் காதில் விழுகிற தூரத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சொல்லிவிட்டு உடனே, “ஆனா ஸ்பீடு கம்மி” என்று சேர்த்துக்கொண்டார். ஒரேயடியாகத் திருந்துவது உடம்புக்கு ஆகாது என்று நினைத்திருப்பார்.

அதன் பிறகு அவர் ஒழுங்காக இருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவை மோகனாவுக்குப் போன் வரும். எத்தனை ஸ்டெப்பு, படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறாய், பக்கவாட்டில் படுக்கும்போது தலையணை வைக்கிறாயா. அறிவுரை சொல்கிற தோரணையில்தான் கேட்பார். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்கும்.

ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரையும் ஒரே காலையில் வரச்சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஹெலன் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டிலும் தொடையின் மேல்பாகத்தில் வெள்ளையாய் ஒரு குட்டைக் கம்பி, அதைச் சுற்றி எலும்பு இடைவெளியில்லாமல் பிடித்திருந்தது. வாஹித் பாஷா எழுந்து போய் இடது பக்கப் படத்தில் விரலை வைத்தார்.

“பாரு மோகனா. எப்டி புடிச்சிருக்கு பாரு. இது எலும்பு.”

“அது அவங்களோடது பாய்” என்றார் டாக்டர்.

அவர் விரலை எடுக்கவில்லை. பேரைப் படித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“உங்களோடதும் நல்லாத்தான் இருக்கு. மூணுல எறங்கினது மூணுலியே நின்னுடுச்சு. இப்ப ரெண்டு பேரு நடையிலயும் எனக்கு வித்தியாசம் தெரியல.”

“வித்தியாசம் தெரியலியா?” என்றார் வாஹித் பாஷா. அவர் முகத்தைப் பார்த்தால், முப்பது வயது இளையவளோடு சமம் என்றதற்குச் சந்தோஷப்படுவதா, ஏழாவது லைன் பெண்ணோடு சமம் என்றதற்கு வருத்தப்படுவதா என்று தீர்மானிக்க அவகாசம் தேவைப்பட்டது போல் இருந்தது. மஹ்பூபிக்கு அவகாசம் தேவைப்படவில்லை. மோகனாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மோகனா அதற்கு முன்பே கம்பெனிக்குத் திரும்பியிருந்தாள். சும்மா இல்லை. முதலில் உடல்தகுதிச் சான்று கேட்டார்கள், கொடுத்தாள். பிறகு ஊசி அறையில் உட்காரச் சொன்னார்கள். உடைந்த ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிற வேலை. நாற்காலி உண்டு, தையல் கிடையாது. “எனக்கு இடுப்புலதான் கம்பி வெச்சாங்க, கையில வெக்கல” என்று ஆபீஸில் போய்ச் சொன்னாள். டாக்டரிடம் கடிதம் வாங்கிவந்து, உயரமான நாற்காலியோடு ஏழாவது லைனில் உட்கார்ந்தாள். நாலு மாதம் முனகினார்கள். ஐந்தாவது மாதம் வெளிநாட்டு வியாபாரியின் ஆய்வாளர் ஒருத்தி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், விசாரித்தாள், கண் கலங்கினாள், மோகனாவைப் பல கோணத்தில் படமெடுத்தாள். தொழிலாளர் நலனில் கம்பெனிக்கு இருக்கும் அக்கறைக்குச் சாட்சியாக அந்தப் படம் இப்போது வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வரவேற்பறைப் பக்கம் தொழிலாளர்கள் போகக் கூடாது என்பதால் மோகனா இன்னும் அதைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வெளியே போகும்போதுதான் தினமும் ஒரு பஞ்சாயத்து. கத்தரி, பிளேடு எதுவும் வெளியே போய்விடக் கூடாதென்று கேட்டில் கையடக்க மெஷினால் எல்லோரையும் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். மோகனாவின் வலது இடுப்பருகே வந்ததும் அது கத்தும். புஷ்ரா என்ற காவலாளிப் பெண் புதிதாக வந்தவள், விதி தெரிந்தவள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தினமும் வாங்கிப் படிப்பாள். மூன்று மாதமாகப் படித்ததில் அவளுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும்.

போன வாரம் ஒருநாள் மெஷின் கத்தியது. மோகனா கடிதத்தை நீட்டினாள். புஷ்ரா வாங்கவில்லை. பின்னால் வரிசை நிற்பதையும் பொருட்படுத்தாமல் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, எங்கம்மாவுக்கு அறுவத்தெட்டு. அவங்களும் நொண்டறாங்க. வயசாயிடுச்சு, இனிமே இன்னா பண்றதுன்னு வீட்ல சொல்றாங்க. அவங்களுக்கு இந்தக் குட்டை வெப்பாங்களா?”

“அத நானும் சொல்ல முடியாது, உங்க வீட்லயும் சொல்ல முடியாது” என்றாள் மோகனா. “எலும்ப பாத்துட்டு டாக்டர் சொல்லுவாங்க. குட்டையோ நீளமோ சிமெண்ட்டோ, அவங்களுக்கு எது நிக்குமோ அத வெப்பாங்க. மொதல்ல படம் எடு. அதுவரைக்கும் யாரு பொடி குடுத்தாலும் வாங்காத.”

கடிதத்தின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரி பெயரையும், டாக்டர் எந்தக் கிழமையில் இருப்பார் என்பதையும் எழுதி, அந்த ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். வெளியே கம்பெனி பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. மற்ற பெண்கள் ஓடினார்கள். மோகனா ஓடக் கூடாது, நடந்தாள். டிரைவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தி வைத்திருந்தான். அவள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, யாரும் தூக்கிவிடாமல் ஏறினாள்.